சாவி திருகினால் விழிக்கும் திரை

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தோம். எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் வேலை. என் மனைவி அதே ஊரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்தாள். பலர் கை மாறி எங்களிடம் வந்த ஒரு வெள்ளைக் காரில் காலையில் சேர்ந்து போவோம், சாயங்காலம் சேர்ந்து திரும்புவோம். வழியெல்லாம் அவள்தான் பேசுவாள். காலையில் வலப்பக்கம் மலை கூடவே வரும், இடப்பக்கம் அவள் குரல் கூடவே வரும். இரண்டுமே எப்போதும் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு வருஷம் அவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்து, மதுரையில் ஆபரேஷன் ஆயிற்று. கட்டி போய்விட்டது, கூடவே குரலும் போய்விட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். "நரம்பு அசந்திருக்கு. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்றார் டாக்டர். ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டு அவள் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகத் தொடங்கினாள். அங்கே ஸ்கேலால் மேசையைத் தட்டியே பாடம் நடத்திவிடுவாள். வீட்டில் சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். காரில்தான் ஒன்றும் முடியாது. ஓட்டுகிறவன் சிலேட்டைப் பார்க்க முடியுமா? பாதி தூரத்தில் சிலேட்டை மடியில் கவிழ்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பம்பாயில் இருந்த அவள் தம்பி, தன் ஆபீசில் கழித்துக்கட்டிய ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். பேட்டரி செத்துப்போன மெஷின், கரண்டில் மட்டும் ஓடும். தமிழ் டைப்ரைட்டர் வரிசையிலேயே அடிக்கிற எழுத்தையும் அதில் போட்டுத் தந்தான். அதைப் பார்த்ததுமே எனக்குக் கார் ஞாபகம்தான் வந்தது. பலகை ஒன்றை அறுத்து, சைக்கிள் டியூப் ரப்பரால் லேப்டாப்பை அதில் கட்டி, முன்கண்ணாடிக்குக் கீழே நடுவில் பொருத்தினேன். அவள் மடிக்குத் தனியாக ஒரு கீபோர்டு. கார் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்க நானே ஒரு இன்வெர்ட்டர் கட்டினேன். ரப்பரில் இறுக்கிய பிறகு மெஷினின் பவர் பட்டன் வரை விரல் போகவில்லை.

அப்போது அவள் சிலேட்டில் எழுதினாள்: "வண்டிக்குச் சத்தம் வரும்போதே எனக்கும் வரணும்."

அதற்குப் பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. லேப்டாப்பைப் பிரித்து, பட்டனின் இரண்டு முனைகளில் முடி போன்ற வயர்களைப் பற்றவைத்து, வெளியே ஒரு ரிலேக்கு, கரண்ட் வந்தால் தானே ஒட்டிக்கொள்ளும் சுவிட்சுக்கு, கொண்டுவந்தேன். காரில் சாவியைத் திருப்பினால் ரிலே ஒட்டிக்கொள்ளும், பட்டனை அமுக்கியது போலாகும். முதல் தடவை திரை வெளிச்சமாகி, கொஞ்ச நேரத்திலேயே அணைந்துவிட்டது. அமுக்கிய விரலை எடுக்காவிட்டால் மெஷின் தானே அணைந்துவிடும் என்று அப்புறம்தான் புரிந்தது. ரிலேக்குக் கரண்ட் ஒரு கணம் மட்டும் போகும்படி ஒரு கெப்பாசிட்டர் சேர்த்தேன். ரிலே இப்போது 'டிக்' என்று ஒரு தடவை ஒட்டி விலகியது. திரை நின்றது. சந்தோஷமாக எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். அந்த இழுப்பில் பேட்டரி தொய்ந்து, திரை மறுபடியும் செத்தது.

இரண்டு வாரம் இதே கதைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் தோளைத் தட்டி, மீட்டருக்குக் கீழே இருந்த சின்னச் சிவப்பு விளக்கைக் காட்டினாள். சிலேட்டில் எழுதினாள்: "இது வண்டி ஓட ஆரம்பிச்ச பொறவுதான அணையுது?"

எஞ்சின் ஓடி டைனமோவில் கரண்ட் பிறந்தால்தான் அந்த விளக்கு அணையும். சாவியிலிருந்து வயரைக் கழற்றி டைனமோ பக்கம் கொடுத்தேன். வண்டி உறுமியது, சிவப்பு அணைந்தது, 'டிக்'. திரை மெல்ல விழித்தது, ஒரு வெள்ளைப் பக்கம் தானாகத் திறந்தது.

மறுநாள் மலையெல்லாம் மேகம் இறங்கியிருந்தது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் பெரிய எழுத்தில் முதல் வரி வந்தது: "நேத்துச் சாம்பார்ல உப்பு இல்ல. ஏன் சொல்லல?"

நான் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு தரம் ஆடிவிட்டது.

அப்படியே அந்த மழைக்காலம் முழுவதும் போனது. கண்ணோரத்தில் ஒரு பார்வைக்குள் அடங்கும்படி நாலைந்து சொல்தான் அடிப்பாள். நான் வாயால் பதில் சொல்வேன். நாள் போகப் போக, எழுத்தைப் பார்க்கும்போதே அவள் பழைய குரல் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. நனைந்த ரோடு, வைப்பர் போய்வரும் சத்தம், தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் பாதி கரைந்த மலை, நடுவில் மிதக்கிற அந்த வெளிச்சம். அது எங்கள் வீட்டைவிட எங்களுடைய இடமாக இருந்தது. வண்டியை அணைத்தால் அடித்ததெல்லாம் மறைந்துவிடும். "சேத்து வைக்கவா?" என்று ஒருநாள் கேட்டேன். "பேசுனத யாராச்சும் சேத்து வைப்பாகளா?" என்று அடித்தாள்.

ஒரு சாயங்காலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. எல்லாரும் எஞ்சினை அணைத்துவிட்டார்கள், நான் அணைக்கவில்லை. பக்கத்து லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, எம்புட்டு பெட்ரோல் வீணாப் போவுது, அணைங்க" என்றார்.

"செத்த நேரந்தான்" என்றேன்.

நிற்கிற வண்டியில் நீளமாக அடிக்கலாம். அவள் அடித்தாள்: "ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு நின்னீக. மூணு நாலு தரம் கூப்பிட்டேன். அப்பத்தான் எனக்கே தெரிஞ்சது."

அந்த ஜன்னல் எனக்கு ஞாபகம் இருந்தது. கீழே ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையை நீட்டி அவள் விரல்களைக் கீபோர்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். திரையில் அர்த்தமில்லாத எழுத்துகள் வரிசையாக ஓடின. ரயில் போய், கேட் திறந்து, பின்னால் ஹாரன் அடிக்கும் வரை ஓடின.

தை பிறந்து கொஞ்ச நாளில், வெயில் சாய்கிற நேரம் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள், நான் திரையைப் பார்த்தேன்.

"ஏங்க! ஆடு!"

பிரேக்கை மிதித்தேன். ஆடுகள் சாவகாசமாக ரோட்டைக் கடந்தன. சுரண்டியது போல, உடைந்த, யாருடையதோ போன்ற ஒரு குரல். அவள் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"என்ன சொன்ன?" என்றேன்.

"ஆடு" என்றாள் மறுபடியும்.

பழைய குரல் முழுசாகத் திரும்பவில்லை. இன்றைக்கும் கரகரப்பாகத்தான் பேசுகிறாள். அன்று அந்த ரோட்டோரத்தில் நாங்கள் வெகுநேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். கண்ணில் பட்டதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னாள். மலை. பனை. பஸ். மைல்கல். கொக்கு. ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன்.