வண்டி வரட்டும்

தண்ணீர் மீட்டரின் கண்ணாடிக்குள், எண்களுக்குக் கீழே, சிவப்பாக ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதில்லை. வீட்டுக்குள் ஏதோ ஒரு குழாய் சரியாக மூடாமல் நூல்போல் ஒழுகிக்கொண்டிருந்தால், எண்கள் அசைவதற்கு வெகுநேரம் முன்பே அந்த நட்சத்திரம் மெல்லச் சுற்றத் தொடங்கிவிடும். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலோரம் குனிந்து அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் எனக்கு உள்ளே போகத் தோன்றும். "அத்தை ரீடிங் எடுக்க வந்துட்டாங்க" என்று என் மருமகன் கேலி செய்வார். செய்யட்டும். பத்து நட்சத்திரங்கள் வரிசையாகச் செத்துக் கிடந்த ஒரு பகலை அவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவருக்கும் வாசலிலேயே கழுத்து வளைந்திருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ரயில் பாதையை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். அதில் தண்ணீர் மீட்டர் தயாரித்தோம். இருபது பெண்கள் இருந்திருப்போம். நான் திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருவேன். உட்கார இடம் கிடைக்காத கோபத்தோடுதான் என் காலை வேலை தொடங்கும். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய், ஒழுகும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற டெஸ்ட் பெஞ்சில் போட்டார் முதலாளி. அவருக்கும் பொறுமை கிடையாது என்பதுதான் இதில் வேடிக்கை.

முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அப்பாவுக்கு ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை; குவார்ட்டர்ஸில் வளர்ந்து, தானும் அதே தொழிற்சாலையில் சேர்ந்து, நிம்மதியாக ஓய்வூதியம் வரை போயிருக்க வேண்டிய வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்த ஷெட்டைத் தொடங்கியவர். அவருடைய வீட்டார் அதற்காக அவரோடு பேசுவதையே குறைத்துவிட்டார்கள் என்று கேள்வி. மனிதர் ஓர் இடத்தில் நிற்க மாட்டார். உட்கார்ந்தால் வலது முழங்கால் ஆடும். நின்றாலும் அது அடங்காது; விரல் வேறு எதையாவது தட்டும். சாப்பிடும்போதுகூட டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நடப்பார். டெஸ்ட் பெஞ்சின் பக்கம் வந்தால் நாங்களே விரட்டிவிடுவோம். பெஞ்சில் அவர் கை பட்டால் மீட்டர் ஆடும். ஆடினால் கணக்கு தப்பும். "சரிம்மா, சரிம்மா, போறேன்" என்று சிரித்துக்கொண்டே போவார்.

பெஞ்சு என்று சொன்னாலும் அது நீளமான ஓர் இரும்புச் சட்டம்தான். பத்து மீட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயில் மாட்டி, அவற்றின் வழியே தண்ணீரை விட்டு, கடைசியில் அளவு தொட்டியில் பிடிப்போம். தொட்டி சொல்வதும் மீட்டர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். இதில் மிகக் கடினமானது கடைசிச் சோதனை. தண்ணீரை மிக மெல்லிய ஓட்டமாக வைத்துவிட்டு, நட்சத்திரம் தானாக நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஓட்டத்தில் மீட்டர் நகரவில்லை என்றால் தர விதிப்படி அது தேறாது. தேறினால்தான் பெட்டிமேல் முத்திரை. நாங்கள் அதை மார்க் என்போம். மார்க் இல்லாத மீட்டரை எந்த நகராட்சியும் வாங்காது. எங்கள் எல்லோருடைய சோறும் அந்த மார்க்கில்தான் இருந்தது.

பெஞ்சில் என் எதிரே நின்றவள், ஆவடியை ஒட்டிய கோவில்பதாகை கிராமத்து அக்கா. அவளுடைய அம்மா அப்பா நாற்று நட்டவர்கள். அவள்தான் வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள். புருஷன் இருந்த இடம் தெரியவில்லை. ஒரே மகள் பத்தாவது முடித்து, பதினொன்றாவதில் சேர்ந்திருந்தாள். அந்தப் பெண்ணை டீச்சர் ஆக்கிப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அக்காவுக்கு வேறு பேச்சே கிடையாது.

மெல்லிய ஓட்டத்தில் ஏதாவது ஒரு மீட்டர் நகராமல் முரண்டு பிடித்தால் எனக்குக் கை பரபரக்கும். கண்ணாடியில் ஒரு சுண்டு சுண்டினால் போதும், சுற்ற ஆரம்பித்துவிடும். ஆனால் சுண்டக் கூடாது என்பது விதி. அக்கா நிதானமாகச் சொல்வாள்: "இன்னாத்துக்கு அவசரம்? இரு, வண்டி வரட்டும்."

வண்டி என்றால் அரக்கோணம் வண்டி. அது ஷெட்டுக்குப் பின்னால் தடதடவென்று போகும்போது தரை லேசாக அதிரும். முரண்டு பிடித்த நட்சத்திரம் ஒரு முறை சிலிர்த்து நகரும். நகர்ந்துவிட்டால் பிறகு நிற்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் கை வைக்கவில்லை, கால் வைக்கவில்லை. ஆகவே அது தேறியது என்று எழுதிக்கொள்வோம். இதில் தப்பு இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. வண்டி என்பது வெயில் மாதிரி, மழை மாதிரி, அங்கே இருப்பது. அரை மணிக்குள் எப்படியும் ஒன்று வந்துவிடும். முதலாளியும் "என்னம்மா, வண்டி வந்துட்டா?" என்று கேட்டுச் சிரித்தவர்தான்.

தர அலுவலகத்திலிருந்து அதிகாரி சோதனைக்கு வந்தது ஒரு கோடைகாலப் பகலில். மார்க்கைப் புதுப்பிக்க வேண்டிய வருடம் அது. அதிகாரி நல்ல மனிதர். காபி வேண்டாம், மோர் இருந்தால் கொடுங்கள் என்றார். கட்டி அடுக்கி வைத்திருந்த பெட்டிகளிலிருந்து அவரே பத்து மீட்டர்களைப் பொறுக்கி எடுத்தார். அக்காவும் நானும் மாட்டினோம். பெரிய ஓட்டத்தில் எல்லாம் பிரமாதமாக ஒத்துப்போயின. முதலாளியின் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. பிறகு மெல்லிய ஓட்டத்துக்கு வால்வைத் திருகினோம்.

ஒரு நட்சத்திரமும் அசையவில்லை.

"காத்திருக்கலாம்" என்றார் அதிகாரி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "யாரும் பெஞ்சைத் தொடாதீங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே "வண்டி வரட்டும்" என்றாள். வரவில்லை. வெளியே பெட்டி கட்டும் ஆள் உள்ளே வந்து, என் பின்னால் நின்று காதோடு சொன்னான்: "ஆவடியாண்ட மறியலாம்க்கா. ஒரு வண்டியும் ஓடல. எல்லாம் தண்டவாளத்துல குந்திகினு கீறாங்கோ." அந்த ஷெட்டில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. தொட்டியில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

முதலாளி பெஞ்சின் இரும்புக் காலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முழங்காலுக்கும் அந்த இரும்புக்கும் நடுவே ஒரு கை இடைவெளிகூட இல்லை. அதிகாரி மறுபக்கம், கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டு. ஒரே ஒரு தட்டு. தெரியாமல் பட்டது மாதிரி. உலகத்தில் எந்த நேரமும் ஆடுகிற அந்தக் கால் இப்போது ஒரே ஒரு முறை ஆடினால் போதும், பத்தில் ஏழெட்டாவது சுற்றும், மார்க் பிழைக்கும். ஆடுங்கள் என்று மனதுக்குள் கத்தினேன். பெஞ்சில் இருந்த எல்லாரும் அவர் காலையே பார்த்தோம். அவரும் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு, யாரோ பிடித்துக் கட்டி வைத்தது போல, அசையாமல் நின்றார். நெற்றி வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை. நேரம் முடிந்தது என்று அதிகாரி சொல்லும்வரை அப்படியே நின்றார்.

மார்க் நிறுத்தப்பட்டது. குறையைச் சரிசெய்து மறுபடி சோதனைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டு அதிகாரி வருத்தத்தோடுதான் போனார். முதலாளி எங்கள் நடுவில் வந்து நின்றார். "இத்தன நாளா நம்ம மீட்டரு ஓடலம்மா. ரயிலுதான் ஓடியிருக்கு" என்றார். சரியாகும்வரை வேலை இல்லை என்பதை அவர் வாயால் சொல்ல முடியவில்லை. நாங்களாகவே புரிந்துகொண்டு செருப்பை மாட்டினோம். ரயில் இல்லாததால் மூன்று பஸ் மாறி வீடு போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். பெரிய யோக்கியர். இருபது பேர் அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு யோக்கியர். அந்தக் கோபம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

வேலை இல்லாத அந்த மாதங்களில் வீட்டில் நிலை கொள்ளாமல் அலைந்தேன். பாத்திரத்தைத் தேய்த்ததையே தேய்த்தேன். திருநின்றவூர் ஏரிக்கரையில் போய் நின்றால் தூரத்தில் வண்டி போகும் சத்தம் கேட்கும். எந்த மீட்டருக்கு உதவப் போகிறதோ என்று எரிச்சலாக வரும். முதலாளி தானே மண்வெட்டி பிடித்து பெஞ்சுக்கு அடியில் பள்ளம் தோண்டுகிறார், மணல் நிரப்பித் தனி அஸ்திவாரம் போடுகிறார் என்று சொன்னார்கள். மீட்டருக்குள் இறக்கைச் சக்கரம் உட்காரும் ஊசியில்தான் சொரசொரப்பு என்று கண்டுபிடித்து, ஊசி கடைந்து கொடுத்த லேத் பட்டறையையே மாற்றிவிட்டாராம். சொன்னவர்கள் அவரைப் புகழ்ந்தார்கள். எனக்குப் புகழத் தோன்றவில்லை.

ஒருநாள் அவரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மறுநாள் போனேன். புது ஊசி போட்ட பத்து மீட்டர்கள் பெஞ்சில் காத்திருந்தன. "வண்டி போனப்புறம் ஆரம்பிம்மா. அடுத்த வண்டி வாரதுக்குள்ள பாத்துரு. நான் இங்க நிக்கல" என்று சொல்லிவிட்டு வெளியே சாலைக்கே போய்விட்டார். வால்வைத் திருகிவிட்டு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முதல் நட்சத்திரம் நகர்ந்தது. அடுத்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாமே. ஓடிப்போய்ச் சொன்னேன். லாரிகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

"யாரும் தொடலயே?"

"யாரும் தொடல சார்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். கோபம் போன இடம் தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிமிஷம் அவர் பக்கத்தில் நிற்பது எனக்குப் பெருமையாக இருந்தது. "கோவில்பதாகைக்குப் போய் அந்த அம்மாவைக் கூட்டிட்டு வா. அவங்க இல்லாம பெஞ்சு ஓடாது" என்றார்.

அன்று சாயங்காலமே போனேன். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "தானா சுத்துதா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "அன்னிக்கு அவரு ஒரு தட்டு தட்டியிருந்தா, நீ இப்படி ஆகியிருக்க மாட்டேக்கா."

"அவர இன்னாத்துக்கு சொல்ற? பெஞ்சுக்கு இந்தாண்ட நான் நின்னுகினு இருந்தேன். எனக்குக் கால் இல்லியா? உனக்கு இல்லியா?"

"பின்ன நீ ஏன்க்கா தட்டல?"

"அந்த மனுசனே அசையாம நின்னுகினு கீறாரு. நான் எப்டி தட்றது?"

அப்போது மகள் வந்தாள். பாவாடை தாவணி போட்டுப் பள்ளிக்கூடம் போனவள், இப்போது புடவையில் இருந்தாள். தலைமுடியெல்லாம் நூல் பிசிறு. பூந்தமல்லிப் பக்கம் ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்து நாலைந்து மாதம் ஆகிறதாம். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவப் பின்பக்கம் போனாள். பள்ளிக்கூடம் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. அக்காவே சொன்னாள், முறத்தைப் பார்த்துக்கொண்டு: "திரும்பப் போடின்னேன். போவமாட்டேன்றா. சின்னப் புள்ளிங்களோட குந்த வெக்கமாம்."

நான் எழுந்தேன். அக்கா தெருமுனை வரை கூடவே வந்தாள்.

"காத்தால வந்துர்றேன்னு சொல்லு. இவ படிப்ப நிறுத்துனத மட்டும் மொதலாளி கைல சொல்லிடாத. தாங்க மாட்டாரு."

நான் சொல்லவில்லை. மார்க் திரும்பக் கிடைத்தது, ஷெட் பெரிதானது, அதன்பிறகு நெடுங்காலம் அந்தப் பெஞ்சில் அக்காவும் நானும் எதிரெதிரே நின்றோம். முதல் சில வருடங்கள், முதலாளி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பொண்ணு எப்படிம்மா படிக்கா?" என்று கேட்பார்.

"நல்லா படிக்குது மொதலாளி" என்பாள் அக்கா.