மஞ்சள் விளக்கும் நாலு சாக்பீஸ் கோடும்

சக்கரத்தில் காற்று குறைந்தால் தன் காரே சொல்லிவிடும் என்று பெரியப்பா சொன்னபோது, வடுகபட்டியில் எங்கள் தெருவே கூடி நின்று கேட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் அண்ணனான பெரியப்பா சென்னையில் டைல்ஸ் வியாபாரம் செய்தார். இரண்டாயிரத்து எட்டில் வெளிநாட்டுக் கம்பெனிக் கார் ஒன்றை வாங்கி, அந்தச் சித்திரையிலேயே ஊருக்குக் கொண்டுவந்து காட்டினார். போடிமெட்டு மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எங்களையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அவர் பெருமை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் காருக்குள் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. குதிரை லாடம் போல ஒரு வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. "வத்தலக்குண்டு தாண்டினதுல இருந்து எரியுதுங்கய்யா" என்றார் டிரைவர் அண்ணன். இறங்கி நாலு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தார். நாலும் அடியில் ஒரே மாதிரி லேசாகப் பிதுங்கி நின்றன. பிறகு உள்ளே ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தார். விளக்கு அணைந்தது. கார் சொன்னதைக் கேட்காமல் அதன் வாயை அடைத்தாயிற்று. எல்லோருக்கும் நிம்மதி.

சாப்பிடும்போது பேச்சு அக்காவின் படிப்புக்குத் திரும்பியது. பிளஸ் டூ முடித்திருந்த அக்கா, மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று நின்றுகொண்டிருந்தாள். "பொம்பளப் பிள்ள கையில ஸ்பேனரக் குடுத்து என்னடா செய்யப் போற? பெரியகுளத்துப் பக்கமா ஏதாச்சும் பி.எஸ்சி.ல சேத்து விடு" என்றார் பெரியப்பா. அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியறியாத அப்பா, ரசத்தைப் பார்த்தபடியே தலையாட்டினார். அக்கா எழுந்து, காரைப் பற்றிக் கம்பெனி கொடுத்திருந்த கனமான புத்தகத்தை டிரைவர் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை எல்லோரும் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்துக் கிளம்பியபோது, அக்கா காரின் முன்னால் வந்து நின்றாள்.

"பெரியப்பா, இந்த டயரோட மலையேற வேணாம்."

"ஏன் ஆத்தா? அதான் விளக்கு அணைஞ்சிருச்சே."

"அணையல, அணைச்சிட்டாக. இந்தக் காருல காத்தை அளக்கிற கருவியே கிடையாது. நாலு சக்கரமும் எத்தனை சுத்து சுத்துதுன்னு மட்டும்தான் எண்ணும். காத்துக் குறைஞ்ச சக்கரம் கொஞ்சம் சின்னதாயிரும். சின்னது மத்த மூணோட ஓடணும்னா, அதுகளைவிடக் கூடுதலாச் சுத்தணும். அதைக் கண்டுபிடிச்சுத்தான் விளக்குப் போடும்."

"அப்ப அந்தப் பொத்தான்?"

"இப்ப இருக்கிறதுதான் சரின்னு காருக்குச் சொல்லிக் குடுக்கிற பொத்தான். காத்தடிச்சிட்டு அமுக்கணும். அடிக்காம அமுக்குனா, குறையையே சரின்னு எடுத்துக்கிரும்."

"நேத்து மதியம்தான் திண்டுக்கல்ல நாலுக்கும் காத்துப் பிடிச்சேன்மா" என்றார் டிரைவர் அண்ணன். வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ சிரித்தார்கள். முகூர்த்தம் பத்தரைக்கு என்று பெரியம்மா நினைவூட்டினார். "பெரியவுக நிக்கிறாகள்ல, பேசாம ஏறு" என்றார் அப்பா.

அக்கா ஏறவில்லை. "அஞ்சே நிமிசம். தெரு முனை வரைக்கும் நேரா ஓட்டச் சொல்லுங்க. நான் சொல்றது தப்புன்னா, அப்புறம் எதுக்கும் வாயே திறக்க மாட்டேன்" என்றாள். பெரியப்பா டிரைவருக்குக் கையைக் காட்டினார்.

சாக்பீஸ் என் பள்ளிக்கூடப் பையிலிருந்து வந்தது. இந்தப் பெருமையை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒவ்வொரு டயரிலும், தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போட்டாள். பட்டுப் பாவாடை புழுதியில் புரண்டது. அம்மா பல்லைக் கடித்தாள். வலது பின்சக்கரத்தோடு அக்காவும் இடது பின்சக்கரத்தோடு நானும் நடக்க, கார் எங்கள் நேர்த்தெருவில் நத்தை போல ஊர்ந்தது. தெருமுனையில் தன் பக்கத்துக் கோடு மறுபடி தரையைத் தொட்டதும் அக்கா கையைத் தூக்கினாள். கார் நின்றது.

முன்சக்கரங்கள் இரண்டிலும் கோடு கிட்டத்தட்ட அடியிலேயே இருந்தது. என் பக்கத்துச் சக்கரத்தின் அடியில் கோட்டைக் காணவில்லை. அது தரையைத் தாண்டி, இரண்டு சாண் மேலே ஏறிப்போய் நின்றது.

"எக்கா! என்னோடது முந்திப் போயிருச்சு!" என்று நான் கத்தியது கீழத்தெருவுக்கும் கேட்டிருக்கும்.

டிரைவர் அண்ணன் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கேட்டார். அந்த டயரில் ஊற்றியதும், வரிப் பள்ளத்துக்குள் ஓர் இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன. தலை தேய்ந்த திருகாணி ஒன்று அங்கே ஏறியிருந்தது. அவர் நல்ல மனிதர். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "பாப்பா சொன்னது சரிங்கய்யா. தப்பு என்னுது. இதோட இத்தனை பேரை ஏத்திக்கிட்டு வளைவுல ஏறியிருந்தா, டயரு சூடாகி வெடிச்சிருக்கும்."

பெரியப்பா கல்யாண வீட்டில் இந்தக் கதையைப் பந்திக்குப் பந்தி சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது, கோடு போடும் யோசனை பாதி அவருடையதாகிவிட்டது. ஆனாலும் கை கழுவும் இடத்தில் அப்பாவிடம், "அவ கேக்குறதையே எழுதிப் போட்டு விடுடா. நம்ம வீட்டுப் பிள்ள" என்று அவர் சொன்னதை நான் காதால் கேட்டேன். மெக்கானிக்கல் வகுப்பில் இருந்த நான்கே பெண்களில் எங்கள் அக்கா ஒருத்தி என்று நான் பிறகு தேனி பூராவும் சொல்லித் திரிந்தேன்.

எனக்குப் புரியாமல் போனது அன்று காலையில் நடந்த இன்னொன்று. டிரைவர் அண்ணன் ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருந்தபோது, சாக்பீஸ் கொடுத்ததற்குப் பாராட்டு வாங்கலாம் என்று அக்காவைத் தேடிக் கொல்லைப்புறம் போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்கின. அன்றுவரை அவள் ஒரு காரின் டயரைத் தொட்டதுகூட இல்லை. அவளிடம் இருந்தது ஒரு புத்தகத்தின் இரண்டு பக்கம் மட்டுமே. நாலு கோடும் ஒரே இடத்தில் நின்றிருந்தால், அந்தத் தெருவில் அவள் சொல் அதோடு முடிந்திருக்கும்.

"ஏன்க்கா, குளுருதா?" என்று கேட்டேன்.

"ஆமாடி" என்றாள்.

காலை ஏழு மணிக்கே முதுகு வேர்க்கும் சித்திரை மாதம் அது. நான் உள்ளே ஓடிப்போய் அப்பாவின் கம்பளியை எடுத்துவந்து அவளுக்குப் போர்த்திவிட்டேன்.