கழுவிய கூரையும் நான்கு கொக்கிகளும்

ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் நகரத்து மேஃபீல்டில், கிரேன் கொக்கி அடிக்கும் பட்டறையில் வெர்ன் டிரெகியருக்கு இருபத்தாறு வருடமாக உலைவாய்தான் கோயில். கடவுளை அவர் நம்பியதில்லை. தன் கண்ணை நம்பினார். ஆரஞ்சுப்பழ நிறத்தைத் தாண்டிப் பளபளக்கும்போது இரும்பை வெளியே எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் சம்மட்டிக்கு மசியாமல் விரிசல் விடும். வெள்ளையாகும்வரை விட்டால் உள்ளே கருகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை அடி அடித்தாலும் சேராது.

புது மேனேஜர் டெரெக் ஸ்ப்ரௌலுக்கு இந்தப் பக்தி பிடிக்கவில்லை. "ஒரு தடவை உங்க கண்ணு தப்பட்டும் வெர்ன். சூட்டை அளக்குற மீட்டரை மாட்டிட்டு உங்களக் கிடங்குக்கு அனுப்பிடுறேன்."

"முதல்ல உன் டையை நேரா கட்டக் கத்துக்கோ, தம்பி," என்றார் வெர்ன்.

சிட்னியிலிருந்து முதலாளிகள் வருகிறார்கள் என்று, டெரெக் அந்த ஞாயிற்றுக்கிழமை கூரைக் கண்ணாடிகளைக் கழுவ வைத்தார். முப்பது வருடக் கரி போயிற்று. திங்கட்கிழமை காலை பட்டறைக்குள் வெயில் வந்து நின்றது.

வெர்னுக்கு இரும்பு மங்கலாகவே தெரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உலையில் விட்டார். நான்கு கொக்கிகள் அழகாகவே வந்தன. ஐந்தாவதில் சம்மட்டி விழுந்ததும் மத்தாப்பு பறந்தது. இரும்பு பழைய கேக்காக உதிர்ந்தது.

இயந்திரச் சம்மட்டியை ஓட்டும் ரிஸ்டோ நெம்புகோலை விட்டான். "இரும்பு கேட்டா பிஸ்கட்டு குடுக்குறியேடா!"

வெர்ன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். வெளிச்சத்தில் எந்தத் தணலும் மங்கலாகத்தான் தெரியும். ஆக, முதல் நான்கும் அதிகம் வெந்தவைதான்.

"அந்த நாலும் ஜோராத்தான் இருக்கு," என்றான் ரிஸ்டோ. "அஞ்சாவது இரும்பே மட்டம்னு சொல்லிட்டுப் போ. வாயத் திறந்தா கிடங்குதான் உனக்கு."

"அந்தக் கொக்கிகளுக்குக் கீழ நாளைக்கு எவன் நிப்பான்?"

"நீயும் நானும் நிக்கப் போறதில்ல."

"உன்ன நிக்க வைக்கலாம்னா கவலப்பட மாட்டேன்," என்று வெர்ன் சுண்ணக்கட்டியை எடுத்து நான்கிலும் பெருக்கல் குறி போட்டார்.

டெரெக் ஓடி வந்தார். "நல்ல கொக்கியில எதுக்குக் கோடு?"

"என் கண்ணு ஏமாந்துருச்சு. நீ கூரையக் கழுவுன, நான் இரும்பைக் கருக்குனேன். ஒண்ண உடைச்சுப் பாரு."

உடைத்தார்கள். உள்ளே ஈரச் சர்க்கரை மாதிரி பருக்கை பருக்கையாக இருந்தது. டெரெக் வெகுநேரம் கூரையைப் பார்த்தார். கழுவச் சொன்னது யார் என்று கேட்க அங்கே யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. ஆனாலும் கிடங்குக்கு அனுப்புவேன் என்ற சொல்லை டெரெக் மாற்றவில்லை. வெர்ன் செய்ததை நேர்மை என்று கொண்டாட யாரும் பீர் வாங்கித் தரவுமில்லை.

வியாழக்கிழமை மீட்டர் வந்தது. வெள்ளிக்கிழமை கிடங்கு ஜன்னலுக்குள் இருந்த வெர்னிடம் ரிஸ்டோ கையை நீட்டினான். "கையுறை ஒரு ஜோடி."

"என்ன அளவு?"

"பாத்துச் சொல்லேன். உனக்குத்தான் பெரிய கண்ணாச்சே."

வெர்ன் ஒரு ஜோடியை எடுத்து அவன் மூஞ்சியில் எறிந்தார். போட்டுப் பார்த்தான். இரண்டு அளவு பெரிது.