சுவாமியாரைக் கூட்டிவரப் போன வள்ளங்கள்

முப்பதுகளின் நடுப்பகுதி. சட்டசபைத் தேர்தல் நடந்த வருடம். ஊர்காவற்றுறைக்கு எதிரே கடலில் கிடக்கும் ஒரு சின்னத் தீவில் நாங்கள் இருந்தோம். நாரந்தனையில் பிறந்த நான் அங்கே வாழ்க்கைப்பட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருக்கலாம். தீவு முழுவதும் கடற்றொழிலாளர்கள். ஒரு அந்தோனியார் கோயில், ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, மீதியெல்லாம் பனையும் மணலும். ஒரு வீட்டில் கோழி கூவினால் எல்லா வீட்டிலும் எழும்பிவிடுவார்கள்.

முந்தின தேர்தலை யாழ்ப்பாணத்தில் புறக்கணித்துவிட்டார்கள். ஆகவே எங்களுக்கெல்லாம் இதுதான் முதல் வாக்கு. பெண்களுக்கும் வாக்கு என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு நித்திரையே ஒழுங்காக வரவில்லை. மீன் வெட்டும்போதும் தண்ணீர் அள்ளும்போதும் அதே கதைதான். பெண்கள் வாக்குப் போட்டால் கடலில் மீன் படாது என்று சில கிழவர்கள் சொன்னார்கள். வாக்குப் போடாத இத்தனை வருடமும் மட்டும் மீன் வள்ளத்துக்குள் துள்ளி விழுந்ததா என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம். உள்ளே திரைக்குப் பின்னால் நிறம் பூசிய பெட்டிகள் இருக்கும். நமக்குப் பிடித்தவரின் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். எங்கள் தொகுதியில் ஒருவர் மஞ்சள், மற்றவர் பச்சை. எந்த நிறம் நல்லது என்று சுவாமியார் சொல்லுவார் என ஊரே காத்திருந்தது. அவர் ஊர்காவற்றுறையில் இருந்து மாதத்தில் ஓரிரு ஞாயிறு வந்து பூசை வைக்கும் பாதிரியார். தேர்தலுக்கு முன் வந்த பூசையில் அவர் ஒரு பெயரும் சொல்லவில்லை. உங்கள் வாக்கு உங்கள் மனச்சாட்சியின் பொருள், அதைச் சத்தியம் பண்ணி ஒருவருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள், ஏழை எளியதுகளுக்கு யார் நியாயம் செய்வார் என்று செபித்து யோசித்துப் போடுங்கள் என்றார். அவ்வளவுதான்.

சனத்துக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் எங்கள் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? அன்றைக்குச் சுவாமியார் பச்சை நிறப் பூசை உடுப்புப் போட்டிருந்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் சனம் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணைக் காட்டியது. சுவாமியார் வாயால் சொல்லாததை உடுப்பால் சொல்லிவிட்டாராம்! செய்தி கடல் தாண்டிப் போய், மஞ்சள்காரர்கள் சுவாமியாரிடமே முறைப்பாடு வைத்தார்கள். அந்த மனுசன் தலையில் கைவைத்துக்கொண்டு, அது திருச்சபை அந்தக் காலத்துக்கு வைத்திருக்கும் நிறம் என்று விளக்கினார். அடுத்த முறை வந்தபோது தவக்காலத்துக்கு ஆயத்தமாக ஊதா உடுப்பு. ஊதாவில் யாரும் தேர்தல் கேட்கவில்லை. சனம் குழம்பிப் போனது.

மஞ்சளுக்கு ஆள் சேர்த்தவர் பக்கத்துத் தீவில் ஒரு பெரிய காணிக்காரர். காற்றுக் காலத்தில் எங்கள் வள்ளங்களை ஏற்றி வைப்பது அவருடைய தென்னங்காணிக் கரையில்தான். அந்தப் பிடியை வைத்து, ஊரே மஞ்சளுக்குப் போடும் என்று ஒரு சத்தியம் பண்ணித் தரும்படி எங்கள் சம்மாட்டியாரிடம் ஆள் அனுப்பினார். வள்ளமும் வலையும் சம்மாட்டியாருடையவை. ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் தொழில் செய்தார்கள். அவர் ஒரு சொல் சொன்னால் போதும். அவரோ வெற்றிலையை மென்றுகொண்டே, "வலை என்ர. சனத்தின்ர மனச்சாட்சி என்ர இல்லைக் கண்டீரோ" என்று வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். தேர்தலன்று எல்லாரையும் தன் வள்ளங்களிலேயே ஏற்றிக்கொண்டு போவதாகவும் சொல்லியிருந்தார்.

தேர்தலன்று விடியற்காலை துக்கமணி அடித்தது. சம்மாட்டியார் நித்திரையிலேயே போய்விட்டார்.

அழுதுகொண்டு ஓடினோம். நல்ல மனுசன். சமைக்கிற சேலையோடு ஓடினவள் நான், அங்கேயே குசினிக்குள் நின்று வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். பொழுது கொஞ்சம் ஏறிய பிறகுதான் எல்லாருக்கும் மெல்ல மெல்ல உறைத்தது. எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை கடலில் வள்ளம் இறக்கக் கூடாது. அது பரம்பரைக் கட்டுப்பாடு. மீறினவன் வலையில் பிறகு யாரும் கைவைக்க மாட்டார்கள். ஒரேயொரு வள்ளத்துக்குத்தான் விலக்கு: சுவாமியாரைக் கூட்டிவரப் போகிற வள்ளம். அவர் வந்து, செபம் சொல்லி, அடக்கம் முடிய மாலையாகிவிடும். வாக்குப் போடும் பள்ளிக்கூடமோ ஊர்காவற்றுறையில்.

செத்த வீட்டில் நின்றுகொண்டு வாக்கைப் பற்றி எப்படிக் கதைப்பது? சம்மாட்டியாருக்காக ஒரு பங்கும், உண்மையைச் சொன்னால் அந்தத் திரைக்காக ஒரு பங்கும் அழுதேன்.

அப்போதுதான் கரையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், காணிக்காரரின் பெரிய பாய்வள்ளம் வந்து நிற்கிறது. எங்கள் துக்கமணி பக்கத்துத் தீவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவருடைய ஆட்கள் வெளித்தீவார், எங்கள் கட்டுப்பாடு அவர்களுக்கு இல்லை. அவருடைய முகவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். கையில் சட்டம் போட்ட அந்தோனியார் படம்!

"பிள்ளையள், துக்கமான நாள்தான். எண்டாலும் உங்கட வோட்டு வீணாப் போகக்கூடாதெண்டு ஐயா வள்ளம் அனுப்பினவர். அந்தோனியாரில கைய வைச்சு மஞ்சள் எண்டு சொல்லிப்போட்டு ஏறுங்கோ" என்றார்.

எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள். எங்கள் சனத்துக்கு அந்தோனியார் மேல் சத்தியம் பண்ணினால் பண்ணினதுதான், உயிர் போனாலும் மாற மாட்டார்கள். அது அந்த மனுசனுக்கு நன்றாகத் தெரியும். என் அயல்வீட்டுப் பெண் ஏற்கனவே தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். "வேற என்னடி செய்யிறது? போகாமலே இருக்கிறதோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவளுடைய கை படத்துக்குக் கிட்டப் போய் அந்தரத்தில் நின்றது. நான் அவளிடம், "கொஞ்சம் பொறு, வாறன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று எனக்கே தெரியாது. கால் செத்த வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டது.

சம்மாட்டியாரின் மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், அவருடைய தலைமாட்டில் இருந்தார். அழுது ஓய்ந்திருந்த நேரம். நான் மூச்சு வாங்க வாசலில் நிற்பதைக் கண்டு, "கரையில என்ன சத்தம், பிள்ளை?" என்று கேட்டார்.

சொல்வதா விடுவதா என்று ஒரு கணம் தடுமாறினேன். பிறகு படபடவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்தோனியார் படத்தையும் சேர்த்து. சுற்றியிருந்த பெண்கள் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்கள். மாமி கணவரின் முகத்தைப் பார்த்தார். கோர்த்து வைத்திருந்த அவருடைய கைகளில் செபமாலையைச் சரிப்படுத்தினார். பிறகு, "மூப்பரை வரச் சொல்லும்" என்றார்.

மூப்பர் என்றால் கோயில் காரியங்களையும் ஊர்க் கட்டுப்பாட்டையும் பார்ப்பவர். வந்து சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"சுவாமியைக் கூட்டிவர எத்தினை வள்ளம் போகலாம்?" என்று மாமி கேட்டார்.

"ஒண்டு. அதுதானே வழமை."

"ஒண்டுக்கு மேல போகக்கூடாதெண்டு ஆர் சொன்னது?"

மூப்பர் யோசித்தார். "ஒருத்தரும் சொல்லேல்லை. ஒண்டு போதுமெண்டு ஒண்டு போறது."

"இவர் எல்லா வள்ளத்துக்கும் சம்மாட்டி. எல்லா வள்ளமும் போய்ச் சுவாமியைக் கூட்டிவரட்டும். அதுதான் இவருக்கு மரியாதை."

"எல்லா வள்ளத்திலையும் ஆர் போறது?"

"எல்லாரும் போங்கோ. பொம்பிளையளும்."

மூப்பருக்கு அப்போதுதான் விளங்கியது. "வோட்டுப் போடவோ?" என்றார் தாழ்ந்த குரலில்.

"சுவாமியைக் கூட்டிவர" என்றார் மாமி. "போற வழியில ஒரு பள்ளிக்கூடம் இருந்தால் அதுக்கு நான் என்ன செய்ய ஏலும்?"

அந்தத் துக்கத்துக்குள்ளும் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். செத்த வீட்டுக்காரியின் சொல்லை மறுக்க மூப்பருக்கு வழியில்லை. மறுக்க விருப்பமும் இல்லை என்பது அவர் கரைக்கு ஓடின ஓட்டத்திலேயே தெரிந்தது.

நானும் ஓடப் பார்த்தேன். மாமி கையைப் பிடித்து நிறுத்தினார். "உந்தச் சேலையோடையோ போகப் போறீர்?" என்று கேட்டுவிட்டு, மகளைக் கூப்பிட்டு அலுமாரியிலிருந்து ஒரு சேலையை எடுத்துவரச் சொன்னார். மடிப்புக் கலையாத புதுச் சேலை. நாவற்பழ நிறம். "இண்டைக்கெண்டு வாங்கினது. மஞ்சளுமில்லை, பச்சையுமில்லை, ஒருத்தரும் ஒண்டும் கண்டுபிடிக்கேலாது. நீர் உடுத்துக்கொண்டு போம்." வேண்டாம் என்று சொல்லவும் நேரமில்லை. பின்னறையில் உடுத்துக்கொண்டு பறந்தேன்.

ஐயோ, அந்தப் பயணம்! கரையில் கிடந்த அத்தனை வள்ளமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கின. பாய் விரிந்தது. பெண்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு செபமாலை சொன்னார்கள். அலை அடித்து நனையும்போது கத்தினார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்ந்தார்கள். அயல்வீட்டுப் பெண் என் பக்கத்தில் இருந்து, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். படத்தில் படவில்லைதானே என்று என்னிடம் பலமுறை கேட்டாள். படவில்லை என்று நானும் பலமுறை சொன்னேன். என் கணவர்தான் எங்கள் வள்ளத்துக்குச் சுக்கான் பிடித்தார். வாடைக் காற்று அடங்கிவரும் காலம். நடுக்கடலில் காற்று விழுந்து பாய் தொய்ந்தபோது எனக்கு உயிரே போய்வந்தது. ஆழமில்லாத கடல்தானே, ஆண்கள் தாங்குகோலையும் துடுப்பையும் எடுத்தார்கள். திரும்பிப் பார்த்தால், தூரத்தில் அந்தப் பெரிய பாய்வள்ளம் காலியாக வந்துகொண்டிருந்தது. அதில் முகவரும் அந்தோனியாரும் மட்டும்.

பள்ளிக்கூட வாசலில் வரிசையில் சுவாமியாரும் நின்றார். கரையிலிருந்து ஒரு ஊரே திரண்டு வருவதைக் கண்டு திகைத்துப் போனார். மூப்பர் முன்னால் போய்ச் சாவுச் செய்தியைச் சொன்னார். சுவாமியார் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு எங்களை ஒருமுறை பார்த்தார்.

"இவ்வளவு பேரும் என்னைக் கூட்டிப்போகவோ வந்தனீங்கள்?"

"ஓம், சுவாமி" என்றார் மூப்பர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

சுவாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நான் என்ர வோட்டைப் போட்டிட்டுத்தான் வெளிக்கிட ஏலும். அதுவரைக்கும் நீங்கள் சும்மா நிக்காதேங்கோ" என்றார்.

என் முறை வந்தது. சீட்டுக் கொடுக்கிற துரை பெயரைக் கேட்டார். என் பெயரை, இன்னாரின் மனைவி என்று அல்ல, என் பெயரையே உரத்துச் சொன்னேன். சீட்டைத் தந்தார்கள். திரையை விலக்கி உள்ளே போனேன். இரண்டு பெட்டிகள், ஒரு மேசை, ஒரு சின்னச் சாளரத்தால் வந்த வெயில். வேறு ஒன்றுமில்லை. சீட்டு ஒருமுறை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்துவிட்டது. எடுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் கணவர் எந்தப் பெட்டி என்று கண்ணால் கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை. இன்றுவரை அவரும் விட்டபாடில்லை.

சுவாமியாரை நடுவில் வைத்து எல்லா வள்ளங்களும் திரும்பின. சம்மாட்டியாரை மாலையில் அடக்கம் பண்ணினோம். அந்தத் தீவில் யாருடைய சாவுக்கும் அப்படியொரு வரவேற்போடு சுவாமியார் வந்ததில்லை என்று ஊர் கனகாலம் சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டிகளை எண்ணியபோது எல்லா ஊர்ச் சீட்டுகளும் கலந்துவிட்டன. எங்கள் தீவு எந்த நிறத்துக்குப் போட்டது என்று காணிக்காரருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தன் காணிக் கரையில் வள்ளம் ஏற்ற வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த பிறகு சேலையைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு மாமியிடம் போனேன். வெள்ளைச் சேலையில் இருந்தார். அதைக் கண்ட பிறகுதான் எனக்கு அறிவு வந்தது. வாக்காளர் பட்டியலில் மாமியின் பெயரும் இருந்தது. என்னைப்போல அவரும் அந்த நாளுக்காகக் காத்திருந்து, சேலை வாங்கி வைத்து, கடைசியில் எங்களையெல்லாம் அனுப்பிவிட்டுப் பிணத்தின் பக்கத்தில் தனியே இருந்திருக்கிறார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

மாமி சேலையை வாங்கவில்லை. "எனக்கு இனி என்னத்துக்கு? நீரே வைச்சிரும்" என்றார். பிறகு ஆசையோடு, ஒரு சின்னப் பிள்ளைபோல, "உள்ளுக்கு எப்பிடி இருந்தது? அதைச் சொல்லும்" என்று கேட்டார்.

நான் திரையைச் சொன்னேன். மேசையைச் சொன்னேன். சுவாமியாரிடம் பாவம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டிபோலத்தான் மாமி, ஆனால் மறுபக்கத்தில் காது கொடுக்க ஒருவரும் இல்லை என்றேன். எந்த நிறம் என்று அவர் கேட்கவில்லை. "அப்ப ஆண்டவர் மட்டும்தான் பாத்தவர்" என்றார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு உலக யுத்தம் வந்தது. அடுத்த தேர்தல் தள்ளித் தள்ளிப் போனது. அது வருவதற்குள் மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒருமுறைகூட வாக்குப் போடாமலே. அந்தத் தேர்தலுக்கு நான் நாவல் நிறச் சேலையை உடுத்துக்கொண்டுதான் போனேன். திரைக்குப் பின்னால் நின்றபோது, இந்தச் சீட்டில் பாதி மாமியுடையது, ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்போடுதான் என் கை பெட்டியை நோக்கிப் போகிறது.