மூன்றாம் எண் தேடும் மொசேசி

தண்ணீர் லாரியின் குழாயை வீட்டுச் சுவரின் வாய்க்குள் சொருகிவிட்டு மொசேசி கதவைத் தட்டுகிறார். தொட்டி நிரம்ப ஏழு நிமிஷம் ஆகும். அந்த ஏழு நிமிஷம் அவருடைய சொந்த நேரம்.

"அக்கா, பழைய துப்பாக்கி போல்ட் ஏதாச்சும் கிடக்கா?"

"போன வாரம்தானே கேட்ட? ஒரு வாரத்துல துப்பாக்கி குட்டி போடுமா?"

"அலமாரிக்குப் பின்னாடி பாத்தியா?"

"பாத்தேன். உன் வெக்கம்தான் கிடந்துச்சு. எடுத்துட்டுப் போ."

கதவு சாத்திக்கொள்கிறது. மறுபடி திறந்து, சுடச்சுட ஒரு துண்டு ரொட்டி வெளியே நீள்கிறது.

வடதுருவத்தை ஒட்டிய பாஃபின் தீவின் அந்தக் கடலோரக் குடியிருப்பில் இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீர் ஊற்றுகிறவர் மொசேசி. வயது ஐம்பத்தெட்டு. மீசை நுனியில் எப்போதும் இரண்டு பனி மணிகள் தொங்கும். எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் தொட்டி குடிக்கிற அளவிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் சொல்ல மாட்டார். அவர் வாய் திறந்தால் துப்பாக்கிப் பேச்சுதான்.

லாரியின் முன்கண்ணாடியடியில் ஒரு தேயிலை டப்பா இருக்கிறது. உள்ளே பதினோரு இரும்புத் துண்டுகள். ஒவ்வொன்றும், பழைய ராணுவத் த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியில் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் முனையில் திருகி மாட்டும் தலை. சுடும்போது தோட்டாவின் முதுகைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தலைதான். பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை நான்கு அளவுகள் உண்டு. துப்பாக்கி தேயத் தேயப் பெரிய எண் வேண்டும். டப்பாவில் பூஜ்யம் இருக்கிறது, ஒன்று இருக்கிறது, இரண்டுகூட நாலைந்து இருக்கின்றன. மூன்று இல்லை.

தண்ணீர் ஓடும் முனகலைக் கேட்டபடி, கண் பாதி மூடி, கையுறைக்குள் ஒரு துண்டை உருட்டிக்கொண்டு நிற்பார். உலகத்தில் எங்கோ அந்த மூன்றாம் எண் தனக்காகக் காத்திருப்பதாக அவருக்கு ஒரு கனவு. யாரோ ஒரு விதவையின் மேசை இழுப்பறையில், ஊசிகளுக்கும் பித்தான்களுக்கும் நடுவில், இப்போது அது ஒரு தடவை புரண்டு படுத்திருக்கும். அப்படி நினைக்கும்போது அவர் உதடு தானாகச் சிரிக்கும்.

துப்பாக்கி அவருடையது அல்ல. அவருடைய அண்ணன் இப்பிலியுடையது. இருபத்தொன்பது வருஷங்களுக்கு முன் ஒரு வசந்தகாலத்தில் கடல்பனி பிளந்து அண்ணன் நீரில் விழுந்தார். கூட வேட்டைக்குப் போயிருந்த ஜாக்கோ, பனிமேல் படுத்து அந்தத் துப்பாக்கியைத்தான் நீட்டினார். அண்ணனும் பிடித்தார். பிறகு துப்பாக்கி மட்டும் ஊருக்குத் திரும்பியது.

"எங்கண்ணன விட்டுட்டு இரும்பக் கொண்டாந்தியா?" என்று கேட்டார் மொசேசி. ஜாக்கோவிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை அது.

அடுத்த வருஷம் பக்கத்து வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இறந்தவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்ததாகத்தான் கணக்கு. இன்று கூட்டுறவுக் கடையில் பில் போடும் இருபத்தெட்டு வயது இப்பிலியை, தலை நரைத்த மொசேசி "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார். அவளும் விடுவதில்லை.

"தம்பி, தொப்பி எங்கடா? காது விழுந்துடப் போகுது!"

"பையில இருக்கு, அண்ணே."

"பைக்கா குளிருது?"

வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மொசேசி முகம் சிவந்து, பையில் இருந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வார்.

அந்தத் துப்பாக்கி அவளுக்குச் சேர வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்று வருஷத்துக்கு முன், தெற்கிலிருந்து வந்த ராணுவ ஆய்வாளர் ஊரிலுள்ள பழைய துப்பாக்கிகளையெல்லாம் அளந்து பார்த்தார். "இதுக்கு மூணாம் எண் தலை வேணும். அதுவரைக்கும் சுடாதீங்க" என்றார். அடுத்த துப்பாக்கியைக் கையில் எடுத்து, "இதுல மூணாம் எண்ணே இருக்கு" என்று உரக்கப் படித்தார். அது ஜாக்கோவின் துப்பாக்கி. கூடம் முழுக்கக் கேட்டது. மொசேசிக்கும் கேட்டது.

அன்றிலிருந்து அவர் எல்லாக் கதவையும் தட்டினார், ஒன்றைத் தவிர. வாரம் இரண்டு தடவை ஜாக்கோவின் தொட்டியையும் நிரப்பத்தான் செய்தார், ஒரு சொட்டுக் குறைக்காமல். ஆனால் அந்த ஏழு நிமிஷமும் லாரிக்குள் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் குலுக்கலில் இப்பிலிக்குக் கரடி வேட்டைக்கான அனுமதிச் சீட்டு விழுந்தது. சனிக்கிழமை கிளம்ப வேண்டும்.

"யார்கிட்டயாவது இரவல் வாங்கிக்கோ, அண்ணே."

"எனக்குன்னு ஒண்ணு இருக்கும்போது நான் ஏன் இரவல் வாங்கணும்?"

"அதைச் சுட்டா உன் மூஞ்சியிலதான் வெடிக்கும்."

"அப்ப சரிபண்ணிக் குடுடா. மூணு வருஷமா ஊரச் சுத்தற. போக வேண்டிய வீட்டுக்கு மட்டும் போகல."

மொசேசி சில்லறையைக்கூட எடுக்க மறந்து வெளியே போய்விட்டார்.

வியாழக்கிழமை மதியம். ஜாக்கோ வீட்டுச் சுவரில் குழாயைச் சொருகிவிட்டு, வழக்கம்போல் லாரிக்குள் ஏறி உட்கார்ந்தார். வெளியே நிலமும் வானமும் ஒரே வெள்ளையாகக் கலந்து, வீடுகள் மிதப்பதுபோல் இருந்தன. ஊர் வானொலியில் யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுப் பேசும் நேரம். ஒருத்தி காணாமல் போன நாயைத் தேடினாள். ஒருவர் பேத்திக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார். மொசேசிக்குக் கண் சொக்கியது.

"எல்லாருக்கும் வணக்கம். இப்பிலி பேசறேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டேய் ஜாக்கோ, கேக்குதா? என் தம்பி மூணாம் எண் தேடறான். உன்கிட்ட இருக்குன்னு ஊருக்கே தெரியும். அவன் கேக்க மாட்டான், அதனால நான் கேக்கறேன். அன்னிக்குப் பிடிய விட்டது நான். நீ விடலடா. கை மரத்துப் போச்சு, விட்டுட்டேன். நானே உன்மேல கோவிச்சுக்கல. இவன் யாரு கோவிச்சுக்க? சரி, வேற யாரோ லைன்ல இருக்காங்களாம். வச்சிடறேன்."

இறந்தவரின் பெயர் பேசிவிட்டது. அதற்கு மேல் ஊரில் யார் என்ன சொல்வது?

ஜாக்கோ வீட்டுக் கதவு திறந்தது. வெறும் சட்டையோடு, அந்தக் குளிரில், வாசலில் வந்து நின்றார் அந்த மனிதர். மொசேசி இறங்கினார். இருவருக்கும் நடுவே மூச்சுப்புகை மட்டும் நகர்ந்தது. ஜாக்கோ உள்ளங்கையை விரித்தார். எண்ணெய் பூசிய சிறு இரும்புத் துண்டு. அதன் நெற்றியில் மூன்று.

"இப்பவா கழட்டுன?" என்று கேட்டார் மொசேசி. இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஆய்வு முடிஞ்ச அன்னிக்கே கழட்டிட்டேன். வாரத்துக்கு ரெண்டு தடவ எண்ணெய் போட்டேன். நீ தட்டுவேன்னு பாத்தேன்."

மொசேசி அதை வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பி லாரியை நோக்கி நடந்தார். ஜாக்கோவின் விரித்த கை மெல்லக் கீழே இறங்கியது.

மொசேசி பம்பை நிறுத்தினார். குழாயைச் சுருட்டி மாட்டினார். எஞ்சினை அணைத்தார். பிறகு திரும்பி வந்து, ஜாக்கோவைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்து, கதவோரம் குனிந்து, தன் காலணிகளின் கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.