அதிகம் போடாத சட்டைகள்

ஸ்வீடனில் பழைய சாமான் விற்கிறவர்கள் சாமானைப் பற்றிச் சொல்லும்போதே தங்கள் வீட்டைப் பற்றியும் ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். ‘புகை பிடிக்காத, நாய் பூனை வளர்க்காத வீட்டிலிருந்து.’ இணைய ஏலத்தில் நான் எடுத்த மேசை விளக்கு, சைக்கிள், சட்னி அரைத்த மூன்றாம் நாளே மூச்சை நிறுத்திய மிக்ஸி என எல்லாவற்றின் கீழும் இந்த வரி இருந்தது. நான் ராஜபாளையத்துக்காரன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் நாயைப் பற்றி விசாரிக்கிறவர்களையே பார்த்து வளர்ந்தவன். நாய் இல்லை என்பதை ஒருவர் பெருமையாக எழுதிப்போடுவது முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஒரு வீட்டைப் பற்றி அந்நியனுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான் என்று இவர்கள் நினைக்கிறார்கள் போல என்று விட்டுவிட்டேன்.

ஏலத்திலும் இவர்கள் வழி தனி. எங்கள் பக்கம் மாந்தோப்பு ஏலத்தில் முதல் ஆளாகச் சத்தம் போடுகிறவன்தான் கெட்டிக்காரன். அவன் வேண்டப்பட்டவனாக இருந்தால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். இங்கே வாரம் முழுக்க ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏலம் முடிய அரை நிமிஷம் இருக்கும்போது எங்கிருந்தோ நாலு பேர் பாய்ந்து வருவார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருகிற மனிதர்கள் இவர்கள்தானா என்று ஆச்சரியமாக இருக்கும். நானும் அந்த அரை நிமிஷத்துக்குக் காத்திருக்கக் கற்றுக்கொண்டேன். பொறுமை என்ற பெயரில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான் என்பாள் என் மனைவி தனம்.

தனம் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. போன அக்டோபரில் அவளுக்கு ஏழாம் மாதம். ஆறு வருஷம் காத்திருந்து வந்த கர்ப்பம். பார்ன்மோர்ஷ்கா என்று இங்கே சொல்கிற பேறுகாலச் செவிலி ஒரு பட்டியலைக் கொடுத்து, ஜனவரிக் குளிரில் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கம்பளிச் சட்டை, காலுறை, தொப்பி எல்லாம் முன்கூட்டியே எடுத்து வையுங்கள் என்றார். தனம் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளை பிறக்கும் முன்னே புதுத்துணி ஒன்றுகூட வாசல்படி தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பழையதுதான் வேண்டும், அதுவும் நன்றாக வளர்ந்த பிள்ளை போட்டதாக இருக்க வேண்டும். ஊரில் இது ஒரு காரியமே இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் பை நிறையத் தருவார்கள். தனத்தின் அம்மா, என் அத்தை, அங்கிருந்து அனுப்பி வைக்கிறேன் என்றுதான் சொன்னார். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்பளி போட்டு வளர்ந்த பிள்ளைக்கு எங்கே போவது? நாங்கள் இருக்கிற வெஸ்டெரோஸில் எங்களுக்குத் தெரிந்த தமிழர்கள் எல்லோரும் கல்யாணமாகாத கம்ப்யூட்டர் பையன்கள். கடைசியில் ஏலத்துக்கே வந்து சேர்ந்தேன்.

நல்ல கட்டு ஒன்று கிடைத்தது. ஒன்பது உருப்படிகள், சாலா என்கிற பக்கத்து ஊரிலிருந்து, மாலின் என்ற பெண் ஏலத்துக்குப் போட்டிருந்தது. கடைசி அரை நிமிஷத்தில் இருவரைத் தோற்கடித்துவிட்டு, ஜெயித்த மிதப்பில் விளம்பரத்தைத் தனத்துக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். புகை இல்லாத வீடு. நாய் பூனை இல்லாத வீடு. ஸ்பார்சாம்ட் அன்வெண்ட், அதாவது அதிகம் போடாதது. ஒன்றிரண்டு தடவைதான் போட்டது. இந்த ஊரில் அதுதான் சாமானுக்கு மதிப்பு. அதற்காகத்தான் மற்ற இருவரும் அவ்வளவு தூரம் ஏற்றினார்கள்.

தனம் கேட்டாள்.

“ஏன் ஒண்ணு ரெண்டு தடவ மட்டும் போட்டாக? அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?”

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ராஜபாளையத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் பஞ்சு மில்லில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். தனத்துக்கு முதல் கர்ப்பம். தளவாய்புரத்தில் நைட்டி தைத்து ஊர் ஊராக அனுப்புகிற என் மச்சினன் மாரிமுத்து, நல்ல பருத்தித் துணியாகப் பொறுக்கி, பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பன்னிரண்டு சட்டை தைத்துக் கொண்டுவந்தான். அத்தை முகத்தைச் சுளித்தார். இந்தக் காலத்தில் இதெல்லாமா பார்ப்பார்கள் என்று அவரைக் கேலி செய்து பீரோவில் அடுக்கி வைத்தவன் நான்தான். எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரை நாள் இருந்தது. இரண்டு சட்டை போட்டது. ஒன்று அவளோடு போயிற்று. இன்னொன்று, கழுத்தில் பச்சை நூல் தைத்த வெள்ளைச் சட்டை, துவைத்து மற்ற பத்தோடு மறுபடி பீரோவுக்குள் வந்தது. தனம் தினமும் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சொந்தத்தில் யாரும் அந்தத் துணியைத் தொட மாட்டார்கள். மச்சினன் கையால் தைத்ததைக் குப்பையில் போட எனக்கும் மனம் வரவில்லை. பழைய சாமான் விற்கும் செயலி ஒன்றில் படம் பிடித்துப் போட்டேன். ‘குழந்தைச் சட்டை பதினொன்று. அதிகம் போடாதது.’ ஆமாம், அதே வார்த்தைகள். மூன்று பேர் போட்டி போட்டு விலை சொன்னார்கள். வ. புதுப்பட்டியிலிருந்து கருப்பசாமி என்பவர் கூடுதலாகச் சொல்லி, தனம் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாளில் பைக்கில் வந்து இறங்கினார். வீட்டில் மாசமாக இருக்கிறாள் என்றார். சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, “பிள்ள வளந்துட்டாப்லயா அண்ணாச்சி?” என்று சிரித்த முகமாகக் கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். அதைப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஆறு வருஷமாக முயற்சி செய்து தோற்றுக்கொண்டிருக்கிறேன். தனத்திடம் ஓர் அனாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அது இன்னொரு பொய்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். சாலாவில் இருக்கிற அந்தப் பெண்ணிடம் குழந்தை நலமா என்று கேட்கலாம். அவள் நலம் என்று எழுதினால் நான் நம்புவேனா? தலையாட்டத் தெரிந்தவனுக்கு அடுத்தவர் தலையாட்டலில் எப்படி நம்பிக்கை வரும்? ஆனாலும் கேட்டேன். ‘தவறாக எண்ண வேண்டாம். இந்தச் சட்டைகளைப் போட்ட குழந்தை நன்றாக இருக்கிறதா? தபாலில் அனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.’ இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. எங்கள் வீட்டில் யாரும் புகை பிடிப்பதில்லை, பிராணிகளும் இல்லை, உங்களுக்கு ஒவ்வாமை ஏதும் இருந்தால் கவலைப்பட வேண்டாம், வியாழக்கிழமை மூன்று மணிக்கு வரலாம் என்று எழுதியிருந்தாள். கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை. நான் தனத்திடம் அதைக் காட்டவில்லை.

வியாழக்கிழமை ரயில் ஏறிப் போனேன். சிவப்பு மரவீடு. மாலின் உயரமான பெண், முப்பது வயது இருக்கும். பையைத் தயாராக வாசலிலேயே வைத்திருந்தாள். உள்ளே ஒரு சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன், தரையில் ஒரு விளையாட்டுச் சாமான்கூட இல்லை. என் அரைகுறை ஸ்வீடிஷில் குழந்தையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் ஒரு அடி பின்னால் போய், எதற்கு என்றாள். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று, துணி வாங்க வந்தவன், பிள்ளையைக் காட்டு என்றால் எந்தத் தாய்க்குத்தான் பக் என்று இருக்காது? எனக்குக் காது சுட்டது. போய்விடலாம் என்று பையைத் தூக்கினேன். தூக்கிய பிறகு போக முடியவில்லை. அந்தப் பையோடு வீட்டுக்குப் போய்த் தனத்தின் முகத்தைப் பார்த்து நான் மறுபடி தலையாட்ட வேண்டும். அது என்னால் ஆகாது.

கீழே வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன். எங்களுக்கு ஒரு குழந்தை இருந்தது, அது அதிகம் போடாத சட்டைகள் எங்களிடம் இருந்தன என்று சொன்னேன். அந்த மொழியில் எனக்குத் தெரிந்த வார்த்தைகள் அதற்குப் போதுமாக இருந்தன.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் எழுதியது எனக்குப் புரியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றாள். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். நான்கு மணிக்குக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து அவள் கணவர் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வயதுதான் ஆகிறதாம். எனக்கென்றால் நான்கு வயதுப் பையன் மாதிரி தெரிந்தான். பிறக்கும்போதே ஐந்து கிலோவைத் தாண்டிவிட்டான், ஆசையாக வாங்கி வைத்த எதிலும் கை நுழையவில்லை, இரண்டாம் நாளே பொத்தான் தெறித்துவிட்டது, அதனால்தான் அதிகம் போடவில்லை என்று மாலின் சொல்லச் சொல்ல, நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அவர்களும் சிரித்தார்கள். அந்தப் பயல் பாதி கடித்த ரொட்டியை என் முழங்காலில் வைத்துவிட்டு, நான் தின்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றான். தின்றேன். அவனைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துத் தனத்துக்கு அனுப்பினேன், ஐந்து கிலோ கதையையும் எழுதினேன். உடனே பதில் வந்தது. “பச்சப்பிள்ளையப் போயி எட போடுறீக. கண்ணு பட்டுரும். மொதல்ல எறக்கி விடுங்க.”

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் என்னை ஏசினாள். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

திரும்பும் ரயிலில் அந்த நிம்மதியே ஒரு துணிச்சலைக் கொடுத்தது. பழைய செயலியைத் திறந்தேன். கருப்பசாமியோடு பேசியது அப்படியே இருந்தது. அந்தச் சட்டைகளைப் போட்ட பிள்ளை எப்படி இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டு, போனைக் குப்புறப் போட்டுக்கொண்டேன். ஊரில் அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அடுத்த நிலையம் வரும் முன்னே பதில் வந்துவிட்டது.

‘நல்லாருக்கான் அண்ணாச்சி. ஒண்ணாப்பு போறான். பொறவு அந்தத் துணிய எந்தங்கச்சி மகளுக்கும் குடுத்தோம். அதுவும் நல்லாருக்கு. உங்க பிள்ள எப்படி இருக்கு?’

இந்த முறை தலையாட்ட வழியில்லை, எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினேன். அன்று நான் தலையாட்டியது பொய், எங்கள் பிள்ளை ஒன்றரை நாள்தான் இருந்தது, அதில் வெள்ளைச் சட்டை அவள் போட்டது, மன்னித்துவிடுங்கள் என்று எழுதினேன். அந்தப் பக்கம் எழுதுவதும் அழிப்பதுமாக வெகு நேரம் போயிற்று. வெஸ்டெரோஸ் வரப்போகிறது என்று ரயிலில் அறிவித்தபோதுதான் பதில் விழுந்தது.

‘அன்னைக்குச் சொல்லிருந்தா நான் வாங்கிருக்க மாட்டேன் அண்ணாச்சி. சொல்லாததும் நல்லதுக்குத்தான். ரெண்டு பிள்ளைக போட்டு வளந்துருச்சு. மனசுல வச்சுக்கிடாதீக.’

கூடவே ஒரு பழைய படம். கயிற்றுக் கட்டிலில் ஒரு கைக்குழந்தை, எண்ணெய் தேய்த்து மினுமினுப்பாக, கன்னத்தில் பெரிய பொட்டோடு படுத்திருந்தது. வெள்ளைச் சட்டை. கழுத்தில் பச்சை நூல்.

வீட்டில் பையை இறக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் தனத்திடம் சொன்னேன். அனாதை இல்லத்துப் பொய்யிலிருந்து தொடங்கிச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தக் கழுத்து நூலையே பார்த்தாள். பிறகு அழுதாள், நானும் அழுதேன். அழுது முடித்துவிட்டு, “எம்பிள்ள சட்டையப் போட்டு ஒருத்தன் ஒண்ணாப்பு போயிட்டான்” என்றாள். அன்றிலிருந்து அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஜனவரியில் எங்கள் மகள் பிறந்தாள், நாள் தப்பாமல், நல்ல எடையோடு. எடையை இங்கே சொல்ல எனக்கு அனுமதி இல்லை. மாலின் வீட்டுச் சட்டைகளோடு நான் ஓடி வருவதற்குள் செவிலி குழந்தையைத் துடைத்து, ஆஸ்பத்திரிச் சட்டை ஒன்றைப் போட்டுவிட்டார். இங்கே பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அதைத்தான் போடுவார்களாம். வீட்டுக்குப் போகும்போது கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், துவைத்து அடுத்த பிள்ளைக்கு. தொட்டுப் பார்த்தேன், எத்தனை தடவை துவைத்ததோ, வெங்காயத் தோல் மாதிரி மெலிந்திருந்தது. எங்களை இந்தப் பாடு படுத்திய சட்டை இவர்கள் அலமாரியில் அடுக்கடுக்காக இருந்திருக்கிறது.

வீடியோவில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தை பேத்தியைப் பார்த்தார். பார்த்ததும் கேட்டது சட்டையைத்தான்.

“ஏட்டி, யாரு வீட்டுச் சட்டை அது?”

“இந்த ஊருச் சட்டைம்மா. இங்கன பெறக்குற எல்லாப் பிள்ளைகளும் போட்டது.”

“அம்புட்டுப் பிள்ளைகளும் போட்டதா? அப்பச் சரி.”

சட்டையின் நெஞ்சில் வரிசையாக ஏதோ அச்சடித்திருந்ததைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று தனம் கேட்டாள். வாசித்துச் சொன்னேன். ‘இந்த வட்டாரத்தின் சொத்து.’ ஆஸ்பத்திரித் துணியை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாமல் இருக்க அப்படி அடித்திருப்பார்கள். தனம் அந்த எழுத்துகளின் மேல் உள்ளங்கையை வைத்துப் பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். இரண்டு நாள் எங்கள் மகள் நெஞ்சில் இந்த ஊரின் முத்திரையோடுதான் தூங்கினாள், ஒரு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியின் மடியில்.