வருசத்துக்கு ஒரு சாண்

மனை போடுவதற்காக எங்கள் ராசிங்காபுரத்து நிலத்தின் கிளுவை வேலியை இன்று காலை எந்திரம் பிடுங்கிப் போட்டபோது, ஒடிந்த கிளைகளிலிருந்து கிளம்பிய மாங்காய் வாசனை என்னைப் பத்து வயதில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஐப்பசி மழை விட்டதும், பட்டுப்போன கிளுவைக்குப் பதிலாகப் புதுக் கிளை நட அப்பா கடப்பாரையோடு இறங்குவார். பழைய குழியை விட்டு ஒரு சாண் தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சியத்தையின் நிலத்துக்குள் நடுவார். நான் பின்னாலேயே போய் வெறுங்காலால் மண்ணை மிதித்து இறுக்குவேன். இப்படியே வருசா வருசம் வேலிக்கு வயிறு தள்ளிக்கொண்டு போனது.

பேச்சியத்தை ஏலக்காய் எடுக்கத் திங்கள் விடியலில் ஜீப்பில் மலையேறினால் சனிக்கிழமைதான் இறங்குவாள். சேலையெல்லாம் பச்சை ஏலக்காய் மணக்க, முந்தானை முடிச்சை அவிழ்த்து எனக்கு நாலு காய் தருவாள். ஒரு சனிக்கிழமை வேலியோரமாக இரண்டு முறை நடந்து பார்த்தவள், அப்பாவை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

“ஏ ஆத்தா, வேலி எங்கிட்டு இருந்துச்சு? நீ பொய் சொல்ல மாட்ட.”

“இங்கனயேதான் இருந்துச்சு அத்தை,” என்றேன். என் கால் நகங்களில் அந்தச் செம்மண் இன்னும் போகவில்லை. அன்றைக்கும் முடிச்சை அவிழ்த்து நாலு காய் தந்துவிட்டுத்தான் போனாள்.

சற்றுமுன் அளந்து எல்லைக்கல் ஊன்ற வந்தவர் கேட்டார்: “வேலி முன்னயும் இங்கதானக்கா?”

“இங்கனயேதான்,” என்றேன்.

பேச்சியத்தை இப்போது இல்லை. அவள் மகள்தான் திங்கட்கிழமைதோறும் ஜீப்பு ஏறுகிறாள். அளப்பதைப் புதன்கிழமையான இன்றைக்கு வைக்கச் சொன்னது நான்.